செதில் உதிர்ந்த வாலிபால்

விசில் ஊதிப் பிழைப்பது லேசான தொழில் என்பவர்கள், பெண் பிள்ளைகளுக்கு ஒரு டீம் சேர்த்துப் பார்க்கட்டும். என்னைப் போல டிரில் டீச்சராக அவதிப்பட்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. எழுபதுகளின் தொடக்கத்தில் நான் அந்தமானில் ரங்கத் என்ற ஊரில் இருந்தேன்.

வலை

பந்து இருந்தது, வலை இல்லை. கேட்டால் மெயின்லேண்டிலிருந்து கப்பலில் வரும் என்றார்கள். கப்பல்தான் வந்தது. டீமில் உயரமானவள் பிலோமினா. அவள் அப்பா சூசை, தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து குடியேறிய மீன்காரர். பழைய மீன்வலை ஒன்றை இரண்டாக மடித்துத் தைத்துக் கட்டிக்கொடுத்தார். பந்து பட்டால் செதில் உதிரும். மகராசன் ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டார்.

"மீன் வந்துச்சுன்னா அவுத்துட்டுப் போயிருவேன் டீச்சர். பந்தைக் கொழம்பு வைக்க முடியாதுல்ல."

கேள்வி

சொன்னபடி அவிழ்த்துக்கொண்டும் போவார், திரும்ப வந்து கட்டவும் செய்வார். ஒருநாள் அப்படிக் கட்டும்போது, ஆட்டத்தால் பெண்ணுக்கு வேலை கிடைக்குமா என்று கேட்டார். ஆண்களுக்குக் கிடைக்கிறதே, பெண்களுக்கும் கிடைக்கும் என்றேன். எனக்கே அதில் அவ்வளவு நம்பிக்கை இல்லை.

"போர்ட் பிளேர்ல ஒரு போட்டி ஆடட்டும். வேலை கெடைச்சாச் சரி. இல்லேன்னா ஈஸ்டர் முடிஞ்சதும் கல்யாணம்."

தரை

போர்ட் பிளேருக்குப் போட்டில் போனோம். போட்டை விட்டு இறங்கிய அன்று தரையே அசைவது போலிருக்கும் என்பதால், தீவுக்காரர்கள் யாரும் ஆடமாட்டார்கள். போட்டி நடத்தியவர்கள் மெயின்லேண்டிலிருந்து புதிதாக வந்தவர்கள். அன்று மாலையே ஆட்டம் வைத்துவிட்டார்கள். வழியெல்லாம் வாந்தி எடுத்த பிள்ளைகள், பந்து ஒரு பக்கம் வந்தால் மறுபக்கம் ஓடினார்கள். படகிலேயே வளர்ந்த பிலோமினா மட்டும் நிலையாக நின்று, எல்லோர் பந்தையும் அவளே எடுத்தாள். தோற்றோம். ஆனால் வேடிக்கை பார்த்த ஓர் அதிகாரி அவள் பெயரைக் கேட்டுக்கொண்டார். டீமில் இன்னொருத்தி, எங்களோடு பழகித் தமிழ் பேசும் வங்காளப் பெண் மாலதி, கம்பத்தைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"நாம எங்க டீச்சர் தோத்தோம்? கிரவுண்டுதான் நகந்து போச்சு."

முடிச்சு

அந்த அதிகாரியின் ஆபீஸ் டீமில் பிலோமினாவுக்கு இடமும், வேலையும் கிடைத்தன. ஃபைல் தூக்குவதற்குத்தான் சம்பளம். ஆட்டமெல்லாம் ஆபீஸ் விட்ட பிறகு. அதுவே எங்களுக்குப் பெரிய காரியம். அவளைக் கப்பலேற்றிவிட்டு சூசை நேரே மைதானத்துக்கு வந்தார். அது மீன் சீசன், வலையை அவிழ்க்கத்தான் வருகிறார் என்று நினைத்தேன். அவரோ முடிச்சுகளை இழுத்து இறுக்கினார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"இது இங்கயே கெடக்கட்டும் டீச்சர். மாலதியும் ஆடணும்ல."

பந்தாடுவதற்கென்றே பெண்களுக்குச் சம்பளம் தரும் காலமும், நாங்கள் கேட்ட வலையைப் போலக் கப்பலில் வந்துகொண்டேதான் இருக்கிறது. அது வராத காலத்தில் எங்களைத் தாங்கிய சூசையின் வலைக்கு நன்றி.