மருந்தில்லாத ஊசி

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அருப்புக்கோட்டைக்கும் திருச்சுழிக்கும் இடையே ஓடிய ஒரு தனியார் பஸ்ஸில் நான் கண்டக்டர். ஒரு கையில் டிக்கெட் கட்டு, மறு கையில் சில்லறை. கம்பியைப் பிடிக்க வழியில்லாததால் இருக்கை ஓரத்தில் உடம்பை முட்டுக்கொடுத்து நின்றே பல வருஷத்தை ஓட்டினேன். டிரைவருக்கும் எனக்கும் ஒரே வயது. அவனோடு போன அந்த வெயில் காலங்கள் இப்போதும் நினைவில் இதமாக இருக்கின்றன.

ஒரு பங்குனியில், பஸ் மேலே பருத்தி மூட்டையை ஏற்றிவிட்டு ஏணியில் இறங்கும்போது கால் வழுக்கி விழுந்தேன். வலது புட்டம் தரையில் மோதியது. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து எலும்புக்கு ஒன்றுமில்லை என்றார்கள். ஆனால் இரண்டு மாதமாகியும் வலி போகவில்லை. நடக்கும்போது உடம்பு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. யார் கேட்டாலும் "இடுப்பு வலி" என்று சொல்லிவைத்தேன். வலித்த இடத்தைச் சொல்லக் கூச்சம்.

டிரைவர்தான் முடிவு கட்டினான். "ஏலே, நீ படியில ஏறுறதுக்குள்ள பின்னால வார பஸ்ஸு நம்மள முந்திருது. மதுரையில ஒரு பிசியோதெரபி அம்மா இருக்காக. என் மச்சினிக்கு அவுகதான் சரிபண்ணாக. போயிட்டு வா."

மனைவியும் நானும் போனோம். அந்த அம்மாவுக்கு முப்பது வயதுக்குள்தான் இருக்கும். எங்கே வலிக்கிறது என்று கேட்டதும் நான் இடுப்பைத் தொட்டுக் காட்டினேன்.

"அவுக வெக்கப்படுறாக. இடுப்பு இல்லம்மா, அதுக்குக் கீழ" என்றாள் மனைவி.

அந்த அம்மா சிரிக்கவில்லை. என்னைக் கண்ணாடி முன்னால் வலது காலில் மட்டும் நிற்கச் சொன்னார். நின்றதும் என் இடுப்பின் இடது பக்கம் கீழே இறங்கிப்போனது. "பாத்தீங்களா அண்ணே? உடம்பைத் தாங்குற தசை வலிக்குப் பயந்து வேலை செய்யாமக் கிடக்கு" என்றார்.

பிறகு ஒருக்களித்துப் படுக்கவைத்து, விரலால் அழுத்தித் தேடி ஒரு முடிச்சைக் கண்டுபிடித்தார். மயிர் போல மெல்லிய ஊசி ஒன்றை எடுத்தார்.

"மருந்து ஏத்தலையாம்மா?"

"மருந்து கிடையாது. வெறும் ஊசிதான்."

ஊசி உள்ளே போனது தெரியவேயில்லை. முடிச்சைத் தொட்டதும்தான் தசை என்னைக் கேட்காமல் ஒருமுறை வெட்டி இழுத்தது. கண்ணில் நீர் வந்துவிட்டது. "ஊசி வலியைத்தான் கொறைக்கும். பலம் வரணும்னா நீங்கதான் பயிற்சி செய்யணும்" என்றார் அவர்.

அன்றும் மறுநாளும் அந்த இடம் அடிபட்டதுபோல் கனத்தது. அதன்பின் வலி பாதியாகிவிட்டது. திருச்சுழியில் பஸ் இருபது நிமிஷம் நிற்கும். டிரைவர் வேப்பமர நிழலில் தன் துண்டை விரிப்பான். அந்த அம்மா சொல்லிக்கொடுத்தபடி நான் மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, புட்டத்தைத் தூக்கித் தூக்கி இறக்குவேன். பிறகு பக்கவாட்டில் படுத்துக் காலைத் தூக்குவேன். அவன் எண்ணுவான். பதினொன்றை மூன்று தடவை சொல்லி ஏமாற்றுவான். பள்ளிக்கூடப் பிள்ளைகள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். முதலில் வெட்கமாக இருந்தது, போகப்போகப் பழகிவிட்டது.

இரண்டு வாரத்துக்கு ஒருமுறையாக நான்கு தடவை மதுரைக்குப் போனோம். ஊசி போட்ட பக்கம் உட்கார முடியாததால், ஊர் திரும்பும்போதெல்லாம் பஸ்ஸில் நின்றுகொண்டே வருவேன். மனைவி ஜன்னலோரம் உட்கார்ந்து என்னோடு பேசிக்கொண்டே வருவாள். கல்யாணமான பிறகு நாங்கள் இருவர் மட்டும் அவ்வளவு தூரம் போனது அப்போதுதான். வீட்டில் பேசாததையெல்லாம் அந்தப் பயணங்களில் பேசினோம்.

ஆவணி பிறந்தபோது பழையபடி நடந்தேன். ஒற்றைக் காலில் நின்றால் இடுப்பு இறங்கவில்லை. மூட்டையோடு ஏணியில் ஏறினேன். டிரைவர் ஹாரனை நீளமாக அடித்தான்.

அந்த வாரக் கடைசியில் மனைவி கேட்டாள், "நாளைக்கு மதுரைக்குப் போகலையா?"

"சரியாயிருச்சே. இனி வர வேண்டாம்னுட்டாகளே."

அவள் கையிலிருந்த துணியை மடித்துவைத்தாள். பிறகு, "அதுக்கென்ன, சும்மா போயிட்டு வருவோம்" என்றாள்.

போய்வந்தோம்.