அப்பா தேர்ந்தெடுத்த நாடு

எங்கள் வீட்டில் ஒரு நாடு நல்ல நாடா இல்லையா என்பதை அந்த நாட்டு இயந்திரத்தை வைத்துத்தான் முடிவு செய்தார்கள். தீர்ப்புச் சொல்கிறவர் அப்பா. இங்கிலாந்து என்றால் கொட்டிலுக்குள் நின்ற சிவப்பு உழவு இயந்திரம். அதை வாங்கிய நாளில் வாய்க்கால் கரையே திரண்டு வந்து பார்த்துவிட்டுப் போனது. பிறகு ஒரு சின்னப் பாகம் தேய்ந்தபோது, வவுனியாக் கடைகள் முழுக்க ஏறி இறங்கியும் மாற்றுக் கிடைக்கவில்லை. “அவங்கட காலம் முடிஞ்சுது” என்று அப்பா இங்கிலாந்தின் கதையை ஒரு வரியில் முடித்தார். ஜப்பான் என்றால் கிணற்றடியில் இருந்த தண்ணீர் இறைக்கிற மிசின். சேறு குடித்தாலும் இரண்டாவது இழுவையில் பிடித்துவிடும். மேற்கு ஜெர்மனி என்றால் அம்மாவின் தையல் மிசின். அதற்கு எண்ணெய் விட்டதைத் தவிர யாரும் ஒன்றும் செய்ததில்லை. சீனாவின் பேரில் ஒரு டோர்ச் லைட் இருந்தது. தட்டினால்தான் எரியும் என்பதால் சீனாவைப் பற்றி வீட்டில் பேச்சே இல்லை.

இந்தப் பழக்கம் அப்பாவுக்குச் செத்தல் என்கிற காய்ந்த மிளகாயால் வந்தது. எழுபதுகளின் முதற் பாதியில் வெளிநாட்டு மிளகாய் இலங்கைக்குள் வரவில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து கிளிநொச்சிக்குக் குடியேற்றத் திட்டத்தில் காணி எடுத்து வந்த எங்களைப் போன்றவர்கள், வயலில் நெல்லும் மேட்டுக்காணியில் மிளகாயுமாக நிமிர்ந்தார்கள். எங்கள் கல்வீடும் சிவப்பு இயந்திரமும் நான் பல்கலைக்கழகம் போனதும் எல்லாம் மிளகாயின் புண்ணியம். எழுபத்தேழில் ஆட்சி மாறியது. இறக்குமதிக் கதவைத் திறந்துவிட்டார்கள். அப்பா அந்த முறை வழமையைவிடக் கூடுதலாக நட்டிருந்தார். காய்த்து, பழுத்து, காய்ந்து மூட்டையாகிற நேரத்துக்குக் கப்பலில் வந்த மிளகாய் சந்தையில் மலிவாகக் கிடந்தது. எங்கள் மூட்டைகள் அறைக்குள் கிடந்து நிறம் மங்கின. அந்த அறையைத் தாண்டிக் குசினிக்குப் போகிறவர்கள் எல்லோரும் மாதக்கணக்கில் தும்மினோம்.

“நாடு எந்தப் பக்கம் திரும்புதெண்டு பாக்காமல் மிளகாய்க் கண்டு நட்டனான்” என்று அப்பா அதற்குப் பிறகு வருகிறவர் போகிறவருக்கெல்லாம் சொன்னார். சூடு கண்ட பூனை அடுப்பங்கரை சேராது என்பார்கள். அப்பா அன்றிலிருந்து வானொலியின் மாலைச் செய்தி கேட்காமல் சோற்றில் கை வைக்கமாட்டார். எந்த நாட்டுக் காசு ஏறியது, எது இறங்கியது, எங்கே வேலைநிறுத்தம் என்று கேட்டுக்கொண்டு இருப்பார். ஆறிய சோற்றுக்கு அம்மாதான் பேச்சுக் கேட்க வேண்டும்.

நான் பட்டம் முடித்து, பக்கத்துப் பாடசாலை ஒன்றில் உயர்தர வகுப்புக்குப் பொருளியல் படிப்பிக்கத் தொடங்கியபோது அப்பாவுக்கு வீட்டுக்குள்ளேயே கேட்டறிய ஒரு ஆள் கிடைத்தது. நாடுகளின் பொருளாதார நிலையை ஒப்பிடுவது என்று ஒரு பாடம் உண்டு. கரும்பலகையில் கோடு கீறி, தலா வருமானம், விலைவாசி ஏற்றம், ஏற்றுமதி இறக்குமதி, வெளிநாட்டுக் கடன், கையிருப்பு என்று தலைப்புகளைப் போட்டு, கீழே நாடுகளை எழுதுவேன். புத்தகத்தில் இருந்த இலக்கங்கள் அச்சடித்த அன்றே பழசு. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று எனக்குத் தெரியும். அப்பாவோ நான் அந்த நாடுகளுக்கெல்லாம் போய் எண்ணிவிட்டு வந்தவள் போல நம்பினார். அந்த நம்பிக்கை எனக்கு எரிச்சலாக இருந்தது. உள்ளூரக் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

எண்பத்து மூன்றுக் கலவரத்துக்குப் பிறகு வாலிபப் பிள்ளைகள் உள்ள வீடுகளில் அவர்களை எங்கே அனுப்புவது என்பதைத் தவிர வேறு கதை இல்லாமற் போனது. என் தம்பி பரீட்சை எழுதிவிட்டு, ஊரில் பழுதாகிற இறைக்கிற மிசின்களைத் திருத்திக்கொண்டு திரிந்தான். எத்தனை சவர்க்காரம் போட்டாலும் அவன் கையில் மண்ணெண்ணெய் மணக்கும். ஆமியின் சுற்றிவளைப்பு என்று கேள்விப்படுகிற நாளில் அம்மா அவனை வாசலுக்கும் விடமாட்டார். அவனை வெளிநாட்டுக்கு அனுப்புவது என்று வீட்டில் முடிவாகிவிட்டது. எந்த நாட்டுக்கு என்பதுதான் முடிவாகவில்லை.

கொழும்பில் இருந்த ஏஜென்சிக்காரர் எந்த நாட்டுக்கு வழி திறக்கிறதோ அங்கே ஆளை ஏற்றிவிடுகிறவர். அப்பாவுக்கு அந்த முறை பிடிக்கவில்லை. காணியை ஈடு வைத்து அனுப்புகிறோம், போய் இறங்குகிற நாடு நாளைக்கு விழுந்தால் பிள்ளையும் அதோடு விழும் என்றார். மாப்பிள்ளை விசாரிப்பது போல நாடு நாடாக விசாரிக்கத் தொடங்கினார்.

எண்ணெய் நாடு ஒன்றுக்கு உடனே ஆள் எடுத்தார்கள். அப்பா மறுத்துவிட்டார். ஒரு சாமானை மட்டும் விற்கிறவன், தான் செத்தலை மட்டும் நம்பின மாதிரி, என்றாவது நொடிந்து இருந்துபோவான் என்றார். கொஞ்ச நாளில் எண்ணெய் விலை உண்மையாகவே இறங்கியது. அதற்குப் பிறகு அப்பாவைப் பிடிக்க முடியவில்லை. பிரான்சில் வேலைநிறுத்தம் என்று செய்தியில் இரண்டு முறை வந்ததால் பிரான்ஸ் போனது. சுவிஸ் மணிக்கூடும் பால்மாவும் விற்கிற சின்ன நாடு, அங்கே எத்தனை பேருக்குத்தான் வேலை இருக்கும் என்றார். ஜப்பான் மிசினை அனுப்புமே தவிர ஆளை எடுக்காது. கனடாவிலிருந்து எங்கள் வீட்டுக்கு ஒரு திருகாணிகூட வந்ததில்லை, ஆகவே கனடாவுக்குத் தீர்ப்பே இல்லை.

ஒவ்வொரு மாலையும் செய்தி முடிந்ததும் அப்பா என்னைத்தான் கேட்பார். “பிள்ளை, இனி வாற காலத்தில எந்த நாட்டுக் காசு நிண்டு பிடிக்கும்?” நான் வகுப்பில் சொல்கிற குரலிலேயே பதில் சொல்வேன். ஜெர்மன்காரர் ஒருகாலத்தில் தங்கள் காசு வெறும் கடதாசியானதைக் கண்டவர்கள், அதனால் விலைவாசி ஏற விடமாட்டார்கள், மார்க் நின்று பிடிக்கும் என்று ஒருநாள் விளக்கினேன். அப்பா திரும்பி அம்மாவின் தையல் மிசினைப் பார்த்தார். அப்போதுகூட ஓம் என்று சொல்லவில்லை. இன்னும் ஒரு மாதம் பார்ப்போம் என்றார்.

அந்த நாட்களில்தான் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் இருந்தவர் தன் மகனை ஏஜென்சிக்காரர் சொன்ன முதல் வழியிலேயே அனுப்பிவிட்டார். எந்த நாடு என்று அப்பா கேட்டதற்கு, ஏதோ குளிர் நாடு என்றாராம். பெயர் அவருக்கு வாய்க்குள் வரவில்லை. அப்பா வீட்டுக்கு வந்து அதைச் சொல்லிச் சிரித்தார். நானும் சேர்ந்து சிரித்தேன்.

தம்பி சிரிக்கவில்லை. சாப்பாட்டுக் கோப்பையைப் பார்த்தபடி சொன்னான்: “எந்த நாடெண்டாலும் எனக்குப் போதும். கெதியாய்ச் சொல்லுங்கோ.” கோபமாகச் சொல்லவில்லை, உப்புக் கேட்கிறவன் போலச் சொன்னான். அம்மா அப்பாவின் முகத்தைப் பார்த்தார். அப்பா, அவசரப்பட்டு மிளகாய்க் கண்டு நட்ட கதையை இன்னொரு தரம் முதலிலிருந்து சொன்னார்.

அறுவடை முடிந்த கையோடு மேற்கு ஜெர்மனி என்று தீர்ப்பானது. காணியை ஈடு வைத்தது போதாமல் சிவப்பு இயந்திரத்தையும் விற்றார்கள். இதற்கிடையில் வவுனியா வழியாகக் கொழும்புக்குப் போகிற எங்கள் தெருவும் மாறிக்கொண்டிருந்தது. முன்பெல்லாம் வவுனியாவில் ஆமி பஸ்ஸை மறித்தால் பைகளைக் கிண்டிப் பார்த்துவிட்டு விடுவார்கள். பிறகு ஆண்களை இறக்கி, முகத்தை மூடிக்கொண்டு காட்டிக்கொடுக்க நிற்கிற ஒருவனுக்கு முன்னால் நடக்கவிடத் தொடங்கினார்கள். அவன் தலையை ஆட்டினால் அந்த ஆள் திரும்பி ஏறுவதில்லை. இது ஒன்றும் எங்களுக்குத் தெரியாத இரகசியமல்ல. சந்தையில் மீன் விலையோடு சேர்த்துக் கதைத்த விஷயம்தான். ஆனால் மாலைச் செய்தியில் வராததை அப்பா கணக்கில் எடுப்பதில்லை. என் கரும்பலகையிலும் அதற்குத் தலைப்பு இருக்கவில்லை.

தம்பி புறப்பட்ட காலை எனக்குப் பாடசாலை. ஒரே தரிப்பிடத்தில் நின்றோம். அவனுக்கு வவுனியா பஸ், எனக்கு எதிர்ப்பக்கம். என்னுடைய பஸ் முதலில் வந்தது. “போயிட்டு வாறன் அக்கா” என்று சொல்ல வேண்டியவன் அவன். ஏறிப் போகிறவள் நானாக இருந்ததால் அதை நான்தான் சொன்னேன்.

அதே பஸ்ஸில் போன பெண் ஒருவர் அடுத்த நாள் அவனுடைய பையைக் கொண்டுவந்து தந்தார். வவுனியாவில் இறக்கினார்களாம். தலை ஆடியதாம். பை ஆசனத்திலேயே இருந்ததாம். உள்ளே அம்மா கட்டிக் கொடுத்த சோற்றுப் பார்சல் புளித்து மணந்தது. அம்மா அதைப் பிரித்துக் கோழிகளுக்குப் போட்டார். நான் மடியில் வைத்திருந்த பரீட்சைத் தாள்களைத் தொடர்ந்து திருத்தினேன். புள்ளிகளைக் கூட்டுவதில் ஒரு பிழையும் வரவில்லை.

அப்பாவும் நானும் வவுனியாவுக்குப் பல தடவை போனோம். போன முகாம்களிலெல்லாம் இங்கே இல்லை என்றார்கள். ஒரு வாசலில் பெயரைக்கூடக் கேட்கவில்லை. திரும்பி வருகிற பஸ்ஸில் அப்பா தூங்கிவிடுவார், அவருடைய தலை என் தோளில் வந்து இடிக்கும். துக்கம் வரும் என்று நான் காத்திருந்தேன். வந்ததெல்லாம் பசிதான். வீட்டுக்கு வந்து நன்றாகச் சாப்பிட்டேன். பிறகு அந்தப் பாடத்தை வருடா வருடம் படிப்பித்தேன். மேற்கு ஜெர்மனி என்று எழுதுகிறபோது வெண்கட்டி பாதியில் நிற்கவேண்டும் என்று எதிர்பார்ப்பேன். ஒரு தடவையும் நிற்கவில்லை. எனக்கு என் மேல்தான் வெறுப்பு வந்தது, அதுவும் கொஞ்ச நேரத்துக்குத்தான். வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்து மகன் பனிக்குள் நின்று எடுத்த படம் அனுப்பியிருந்தான். அவனுடைய தகப்பனுக்கு இன்னமும் அந்த நாட்டின் பெயர் வரவில்லை.

அப்பா செய்தி கேட்பதை விடவில்லை. எண்பத்தொன்பதில், கார்த்திகை மழை பெய்துகொண்டிருந்த ஒரு மாலை, ஜெர்மனியைக் குறுக்கே பிரித்திருந்த மதில் திறந்துவிட்டது என்று வானொலி சொன்னது. சனம் கூட்டம் கூட்டமாக அந்தப் பக்கமிருந்து இந்தப் பக்கம் நடந்து போகிறதாம். கடதாசி ஒன்றும் கேட்கவில்லையாம். அப்பா வானொலியின் சத்தத்தைக் குறைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“வறிய பக்கத்தையும் சேத்து எடுத்தால் அந்தக் காசு விழுமோ, பிள்ளை?”

கொஞ்சம் ஆடும், ஆனால் விழாது என்றேன். கையிருப்பைப் பற்றியும் ஏற்றுமதியைப் பற்றியும் அதே வகுப்புக் குரலில் விளக்கினேன். அப்பா முழுவதையும் கேட்டார். “அப்ப நாங்கள் எடுத்த முடிவு பிழையில்லை” என்றார்.

அம்மா தையல் மிசினில் இருந்தார். தம்பியைப் பற்றி அவர் வாய் திறந்து பல காலம். துணியிலிருந்து கையை எடுக்காமல் பேசினார்.

“எல்லா நாட்டையும் பாத்தியள். வவுனியாவைத்தான் ஒருதரும் பாக்கேல்லை.”

பிறகு நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு அடுத்த துணியை எடுத்தார். மிசின் நன்றாகத்தான் ஓடியது.