அப்பா படித்த குசினிப் பாடம்

யுத்தம் வருமுன் அக்கா படித்த ஆங்கிலப் பெண்கள் பள்ளியில் டொமெஸ்டிக் சயன்ஸ் என்று ஒரு பாடம் இருந்தது. பொம்மையைக் குளிப்பாட்டுவது, மேசைத் துணியை மடிப்பது, நோயாளிக்குக் கஞ்சி காய்ச்சுவது எல்லாம் அதில் வரும். அரசாங்கக் கந்தோரில் கிளாக்கராக இருந்த அப்பாவுக்கு அந்தப் பாடத்தின் மேல் பெரிய இளக்காரம்.

“வெந்நீர் வைக்கப் பழகவோ நான் பீஸ் கட்டுறன்?” என்று கேட்பார்.

அவருக்கு வெந்நீர் வைக்கத் தெரியாது என்பது வேறு விஷயம். யாழ்ப்பாணத்திலிருந்து கப்பலேறிப் பினாங்குக்கு வந்த அவர் வயது ஆண்களுக்குக் குசினிப் படியை மிதிப்பதே கௌரவக் குறைச்சல். வீட்டில் உப்பு எந்தப் பேணியில் இருக்கிறது என்று தெரியாமலே அத்தனை வருடமும் உப்புப் போட்டுச் சாப்பிட்டவர் அவர்.

ஜப்பான்காரன் வந்தான். அக்காவின் பள்ளியை மூடினார்கள். அரிசி குறைந்து குறைந்து, கடைசியில் மூன்று வேளையும் மரவள்ளிக்கிழங்கு என்றானது. அம்மாவின் கால்கள் வீங்கத் தொடங்கின. பெரிபெரி என்றார் டாக்டர். மருந்து இல்லை என்றும் அவரே சொன்னார். அடுத்த தெருவில் அதே வீக்கத்தோடு ஒருவர் செத்துப்போயிருந்தார். அம்மாவும் அப்படிப் போய்விடுவாரோ என்ற பயம் வீடு முழுக்க இருந்தது.

அதற்குக் கொஞ்சம் முன்புதான் அக்கா பெரியபிள்ளையாகி, அறைக்குள் வைக்கப்பட்டிருந்தாள். முப்பத்தொரு நாள் துடக்கு. ஆண்கள் முகத்தில் விழிக்கக் கூடாது, குசினிப் பக்கம் வரக் கூடாது. அவளைத் தொட்டவர்கள் முழுகிவிட்டுத்தான் வேறெதையும் தொடலாம். பிறகு தண்ணீர் வார்த்து, சேலை உடுத்தி வெளியே விடுவது எங்கள் வழக்கம். அக்காவுக்கு அந்த நாள் வரவேயில்லை. மாதங்கள் போயின. சீனிக்கும் சவர்க்காரத்துக்கும் தட்டுப்பாடு இருந்ததுபோல நல்ல நாளுக்கும் தட்டுப்பாடாக்கும் என்று ஏழு வயதுக்காரியான நான் நினைத்துக்கொண்டேன். கிழங்கு சீவுகிற வேலை என் தலையில் விழ, அவள் மட்டும் மகாராணியாக உள்ளே இருக்கிறாளே என்று எரிச்சலும் பட்டேன்.

ஆக, சமைக்க அப்பாவை விட்டால் ஆளில்லை.

எங்கள் வீட்டில் குசினி தனியாக, முற்றத்தைத் தாண்டி இருந்தது. அக்காவின் அறை ஜன்னல் அதைப் பார்த்தபடி இருக்கும். அவள் ஜன்னல் பலகையை ஒரு விரலளவு திறந்துவைத்துக்கொண்டு உள்ளேயிருந்து பாடம் நடத்துவாள். அப்பா அந்தப் பக்கம் முதுகைக் காட்டித் தேங்காய்த் துருவலையில் குந்தியிருப்பார். கந்தோரில் பத்துப் பேரை மிரட்டுகிறவர், இங்கே வாயே திறக்க மாட்டார்.

“நெருப்பைக் குறையுங்கோ அப்பா. வறுக்கச் சொன்னனான், எரிக்கச் சொல்லேல்லை.”

வறுபட்டது தவிடு. தீட்டின அரிசியையும் கிழங்கையுமே தின்றால் கால் வீங்கும், சத்தெல்லாம் தவிட்டில்தான் இருக்கிறது என்று அக்காவின் பள்ளி மிஸ் படிப்பித்திருந்தார். சூலியா தெருவில் ஒரு கடையில் கோழித்தீனியாக விற்ற தவிட்டை அப்பா மூட்டையாகத் தூக்கி வந்தார். அம்மா பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“நான் என்ன கோழியே?”

தவிட்டைச் சலித்து, இளஞ்சூட்டில் வறுத்து, தேங்காய்ப்பூவும் தென்னஞ்சர்க்கரையும் போட்டு உருண்டை பிடிக்கச் சொன்னாள் அக்கா. அப்பா பிடித்த முதல் உருண்டைகளைக் கூரையில் எறிந்திருந்தால் ஓடு உடைந்திருக்கும். போகப் போகக் கை படிந்தது. உருண்டை அம்மாவுக்கு மட்டும்தான். எனக்கு ருசி பார்க்கக்கூடக் கிடையாது. என் வேலை, தினமும் அம்மாவின் கணுக்காலை விரலால் அழுத்தி, விழுந்த குழி எவ்வளவு நேரம் நிற்கிறது என்று ஜன்னலில் போய்ச் சொல்வது. நாளாக நாளாகக் குழி சீக்கிரம் மறையத் தொடங்கியது. அந்தச் சேதியைக் கேட்ட அக்கா உள்ளே கைதட்டியது இன்னும் என் காதில் இருக்கிறது.

ஒரு நாள் முற்பகல், படலையைத் தள்ளிக்கொண்டு ஒரு ஜப்பானியச் சிப்பாய் முற்றத்துக்குள் வந்தான். கூடவே மொழிபெயர்க்க ஒரு தமிழர். அப்பா வேட்டியை மடித்துக் கட்டி, நெற்றியில் கரியோடு தாச்சியில் தவிட்டைக் கிண்டிக்கொண்டிருந்தார். சிப்பாய் அவரைக் காட்டி உரக்கச் சிரித்தான்.

“என்ன சார், நீங்களே சமைக்கிறீங்க? வீட்ல பொம்பளைங்க யாரும் இல்லையா?” என்றார் வந்தவர்.

“மனிசிக்குச் சுகமில்லை. பிள்ளையெண்டு இவள் ஒருத்திதான்” என்றார் அப்பா.

அக்காவை மறந்துவிட்டாரே என்று எனக்கு ஆச்சரியம். திருத்துவதற்கு வாயைத் திறந்தேன். திறந்த வாய்க்குள் ஒரு முழு உருண்டையைத் திணித்தார் அப்பா.

“சாப்பிடு பிள்ளை, சாப்பிடு.”

அவ்வளவு நாளும் தராத உருண்டை! மெல்லவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் நான் நின்றேன். வந்தவர் அப்பாவின் கையிலிருந்த அகப்பையைப் பார்த்தார்.

“யாழ்ப்பாணத்து ஐயாமார் அடுப்பு ஊதுறதுன்னா, வீட்ல வேற ஆளே இல்லைன்னுதான்லா அர்த்தம். நான் சொல்லிக்கிறேன்.”

அவர் என்னவோ சொல்ல, சிப்பாய் இரண்டு உருண்டைகளை எடுத்துக்கொண்டு போய்விட்டான். எந்நேரமும் அதிகாரம் பண்ணுகிற ஜன்னலில் மூச்சுச் சத்தம்கூட இல்லை. தாச்சியில் மிச்சத் தவிடு கருகி நாறியது. அதை இறக்க வேண்டும் என்று அப்பாவுக்குத் தோன்றவில்லை. பிறகு துணியில்லாமல் வெறுங்கையால் இறக்கி விரல்களைச் சுட்டுக்கொண்டார்.

வயதுக்கு வந்த பெண்கள் இருக்கிற வீடுகளைச் சிப்பாய்கள் தேடிக்கொண்டிருந்த காலம் அது என்பதை நான் வளர்ந்த பிறகுதான் அறிந்தேன். முப்பத்தொரு நாள் துடக்கை மாதக்கணக்கில் இழுத்தது அதற்காகத்தான். நோயாளிக்குச் சமைக்க அக்கா சொல்லிக்கொடுத்த பாடம் அம்மாவைக் காப்பாற்றியது. அந்தப் பாடத்தை அப்பா படித்தது அக்காவைக் காப்பாற்றியது. மொழிபெயர்க்க வந்தவர் நிஜமாகவே நம்பினாரா, நம்பியதுபோல் நடித்தாரா என்று அப்பாவால் கடைசிவரை தீர்மானிக்க முடியவில்லை. எதுவானாலும் அந்த மனிதருக்கும், பெயர்கூடத் தெரியாத அந்தப் பள்ளி மிஸ்ஸுக்கும் நான் நன்றி சொல்லாத நாள் இல்லை. என் அக்கா மூன்று பிள்ளைகளைப் பெற்று, பேரப்பிள்ளைகளையும் கண்டுவிட்டுத்தான் போனாள்.

அன்று எனக்கு இதொன்றும் தெரியாது. பொழுதுபடும் நேரம் அப்பா நேராக அக்காவின் அறைக்குள் போனார். எட்டிப் பார்த்தேன். அக்கா அவருடைய சுட்ட விரல்களைப் பிடித்து எண்ணெய் பூசிக்கொண்டிருந்தாள். அவர் மறு கையை அவள் தலையில் வைத்தபடி அழுதுகொண்டிருந்தார். விரல் சுட்டதற்குப் பெரியவர்கள் இப்படியும் அழுவார்களா என்று நினைத்தேன். பிறகு அவர் முழுகாமல், மாற்று வேட்டிகூட உடுத்தாமல் அப்படியே போய் அம்மாவுக்குக் கஞ்சி ஊற்றினார்.

நான் அம்மாவிடம் ஓடினேன்.

“அம்மா, குடிக்காதேங்கோ! அப்பா துடக்குப் பட்டிட்டார், முழுகவும் இல்லை!”

“பரவாயில்லை, பிள்ளை” என்று சொல்லிவிட்டு அம்மா அந்தக் கஞ்சியைக் கடைசிச் சொட்டுவரை குடித்தார். வண்ணான் தொட்ட துணியைக்கூட மறுபடி நனைத்து எடுக்கிற அம்மா, அன்று மட்டும் ஏன் ஒரு குற்றமும் பார்க்கவில்லை என்பது அப்போது எனக்கு விளங்கவேயில்லை.