இடது காதுப் பென்சில்

தச்சருக்குப் பட்டறையில் ‘பென்சில்’ என்றுதான் பெயர். முப்பது வருடமாக இடது காதில் ஒரு தட்டைப் பென்சில். படுக்கப் போகும்போது மனைவி பிடுங்கி வைத்தால்தான் உண்டு. கதவு, அலமாரி, மேசை எதுவானாலும் மரத்தை மரத்தோடு பொருத்தியே நிறுத்துவார். ஆணி அடிப்பதெல்லாம் கையாலாகாதவன் வேலை என்பார்.

ஐம்பது வயதில் வலது கை அவ்வப்போது அவர் பேச்சைக் கேட்காமல் போனது. மரத்தில் வெட்டிய காடிப் பள்ளத்தில் சேர்ந்த தூளை வாயால் பலமாக ஊதுவார். உடனே உளி நழுவும். ஐந்து நிமிடத்தில் சரியாகிவிடும். வயசாச்சு என்று மழுப்பிக்கொண்டே வந்தார். மகள் மருத்துவமனையில் ரத்தக்குழாய்களை ஸ்கேன் செய்பவள். ஒருநாள் நேரில் பார்த்துவிட்டாள். அன்றே மருத்துவமனைக்கு அழைத்துப்போனாள்.

படம் எடுத்தார்கள். மோயமோயா என்ற நோய். மூளைக்குப் போகும் பெரிய குழாய்கள் சுருங்கிக்கொண்டே வந்திருந்தன. வலது கையை ஆட்டுவிக்கும் இடது பக்கம்தான் மோசம். ஈடுகட்ட முளைத்த நூல்குழாய்கள் படத்தில் புகை போலத் தெரிந்தன. மூச்சை வேகமாக விட்டால் குழாய்கள் மேலும் இறுகும், ரத்தம் பற்றாது.

அறுவை மருத்துவர் தாளில் வரைந்து காட்டினார். காதுக்கு முன்னால் துடிக்கும் குழாயைத் தோலடியிலிருந்து பிரித்து, மண்டையோட்டில் திறப்பு போட்டு, மூளையின் மேலோடும் குழாயோடு இணைக்க வேண்டும். நெற்றிப்பொட்டுத் தசையையும் மூளைமேல் படுக்க வைத்தால் மாதக்கணக்கில் அதிலிருந்து புதுக் குழாய்கள் இறங்கும்.

“குழாய் எத்தன தடிமன் சார்?”

“ஒரு மில்லிமீட்டர் இருக்கும்.”

“எதுல ஒட்டுவீங்க?”

“ஒட்டுறதில்ல. பத்துப் பன்னெண்டு தையல். நூல் தலைமுடியவிட மெல்லிசு.”

தச்சர் தாளில் வரைந்த இணைப்பை விரலால் தொட்டார். “நீங்களும் ஆணி அடிக்காத ஆளு. செய்யுங்க.”

ஆறு மணி நேரம் ஆனது. மறுநாள் மகளே பொட்டில் கருவியை வைத்து ரத்த ஓட்டத்தைக் கேட்டாள். ஓட்டம் இருந்தது. வீட்டுக்கு அனுப்பும்போது ஒரே கண்டிப்பு: இடது பொட்டில் எதுவும் அழுத்தக் கூடாது. அழுத்தினால் இணைப்பு அடைத்துவிடும். கண்ணாடிக் காம்பை மகள் தளர்த்தினாள், தொப்பியை ஒளித்து வைத்தாள். பென்சில் நினைவுக்கே வரவில்லை. அது அவர் முகத்தோடு முகமாகிவிட்டிருந்தது.

மூன்றாம் மாதம் பட்டறைக்குப் போனார். அன்று மதியமே பட்டறைக் கூட்டாளி மகளுக்குப் போன் செய்தார்: அப்பாவுக்கு வாய் குழறுகிறது. மகள் ஓடினாள். தச்சர் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். இடது காதில், முனை பொட்டில் குழாயை அழுத்திக்கொண்டு, பென்சில். எடுத்துவிட்டு விரலை வைத்தாள். துடிப்பு திரும்பியது. வார்த்தை திரும்பப் பத்து நிமிடம் ஆனது.

“எத்தன வாட்டி சொன்னேன்ப்பா?”

“கண்ணாடி சொன்ன, தொப்பி சொன்ன. பென்சில் சொல்லலியேம்மா.”



அன்றிலிருந்து பென்சில் வலது காதுக்கு மாறியது. கை மட்டும் பழைய இடத்துக்குக் கிளம்பி, பாதி வழியில் நின்று திரும்பும். பதினோரு வருடம் அப்படியே ஓடியது. ஒவ்வொரு பரிசோதனையிலும் அவளே கேட்டாள், இணைப்பு விடவில்லை. அவரைக் கொண்டுபோனது நிமோனியா. பேச்சு கடைசிவரை தெளிவாக இருந்தது.

உடலை எடுக்கும் முன் கூட்டாளி புதுப் பென்சில் ஒன்றைச் சீவிக் கொண்டுவந்து, பழைய நினைப்பில் இடது காதில் செருகினார்.

மகள் அதை எடுத்து வலது காதில் வைத்தாள்.