மார்லிஸின் பையில் ஒரு மூலை

கட்டைவிரலால் மெழுகைத் தேய்த்துக்கொண்டிருக்கிறார் லைல். மனைவியின் ஹேர் டிரையர் இடது கையில் உறுமுகிறது. சூடு பட்டதும், வெளுத்துக் கிடந்த கித்தான் கறுத்து மெழுகை உள்ளே இழுக்கிறது. "துணி குடிக்கணும்யா. மேல அப்பிக்கிட்டு நின்னா அது மெழுகில்ல, மேக்கப்பு" என்பார்.

அமெரிக்காவில், வயோமிங் மாநிலத்தின் அந்தச் சிற்றூரில் துப்பாக்கி சுடும் சங்கத்தார் யாருடைய பை வெளுத்தாலும் இவருடைய கொட்டகைக்குத்தான் வரும். வேலிக் கட்டையிலோ பாறையிலோ வைத்து, மேலே துப்பாக்கியைச் சாய்த்துச் சுடுகிற தலையணை மாதிரியான பை. மெழுகிருந்தால்தான் பனியில் ஊறாது, கட்டையில் வழுக்காது. பள்ளிப் பேருந்துகளைப் பழுதுபார்க்கிற கை. நகத்தில் எப்போதும் கிரீஸ். ஆனால் பையைத் தொடுமுன் பாத்திரச் சோப்பில் முழங்கைவரை கழுவிவிடுவார்.

முதல் வேலை, உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் மணிகளை வாளியில் கொட்டுவது. "காலிப் பைக்குத்தான் சூடு. மணியோட சூடு காட்டுறவன் மாங்கா மடையன்" என்று வருகிறவர்களுக்கெல்லாம் பாடம் எடுப்பார்.

அந்த மாங்கா மடையன் தானேதான் என்பதைப் போன சனிக்கிழமைவரை யாரிடமும் சொல்லவில்லை.

அவர் அதைச் செய்தது வசந்தகாலப் பந்தயத்துக்கு முந்தின நாள். டிவியில் பேஸ்பால் தொடங்கப் போகிற அவசரம். மார்லிஸின் பையைத் திறந்து கொட்டச் சோம்பல்பட்டு, பெயிண்ட் உரிக்கிற ஹீட் கன்னைக் காட்டி ஒரே மூச்சில் முடித்துவிட்டார். வெளியே பார்க்க மினுமினுவென்றிருந்தது.

தபால் வண்டி ஓட்டி ஓய்வுபெற்ற மார்லிஸ், ஊரின் ஆண்களையெல்லாம் பல வருடம் தோற்கடித்தவர். பந்தயத்தன்று வேலிக் கட்டையில் வைத்த பைமேல் துப்பாக்கி உட்காரவே மறுத்தது. சுட்டதெல்லாம் குறி தப்பியது. "போய் ஸ்வெட்டர் பின்னு, மார்லிஸ்!" என்று யாரோ கத்த, "அதுக்கும் கை நடுங்காம இருக்கணுமேப்பா" என்று அவரும் சிரித்தார்.

பையை அவருடைய வண்டிவரை தூக்கிப் போனது லைல்தான். ஒரு மூலை கல்லாக விரலில் இடித்தது. உருகி ஒட்டிக்கொண்ட மணிகள். சொல்லியிருக்கலாம். பையை வண்டிக்குள் வைத்துக் கதவைச் சாத்தினார்.

அதற்குப் பிறகு மார்லிஸ் வலது கையைக் கோட்டுப் பைக்குள்ளேயே வைத்துக்கொண்டார். உணவகத்தில் காப்பிக் கோப்பையைக்கூட இடது கையால்தான் எடுத்தார். அதைப் பார்க்கும்போதெல்லாம் லைலுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம்போல இருக்கும். பலசரக்குக் கடையில் அவர் தலை தெரிந்தால், வாங்க வந்ததை விட்டுவிட்டு வெளியேறுவார்.

போன சனிக்கிழமை மார்லிஸே கொட்டகைக்கு வந்தார். பையை மேசையில் போட்டார்.

"துப்பாக்கிய விக்கப்போறேன், லைல். இத யாராவது சின்னஞ்சிறுசுக்குக் குடுத்துடு."

லைல் ஹேர் டிரையரை அணைத்தார். பையைத் திறந்து வாளியில் கவிழ்த்தார். மணிகள் சலசலத்து விழுந்தன. கடைசியில் தொப்பென்று ஒரு கட்டி.

"உன் கை நடுங்கல, மார்லிஸ். நான்தான் கொட்டாம சூடு காட்டிட்டேன்."

"எப்பத் தெரியும்?"

"அன்னைக்கே."

மார்லிஸ் வாளியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கோட்டுப் பையிலிருந்து வலது கையை எடுத்து, ஐந்து விரலையும் விரித்து, லைலின் முகத்துக்கு நேரே நீட்டினார். ஒரு விரலும் ஆடவில்லை. லைல் நிமிர்ந்து பார்க்கும்வரை மார்லிஸ் அதை இறக்கவில்லை.