மாமன் கையைப் பிடித்த பேரன்

“பரீட்சைக்கு எது வரும், சார்?” என்று வகுப்பில் பிள்ளைகள் என்னிடம் கேட்பார்கள். அந்தப் பழக்கத்தில், பேச்சு தாமதமான என் நான்கு வயதுப் பேரனையும் இன்றைய வளர்ச்சிப் பரிசோதனைக்குத் தயார் செய்திருந்தேன்.

தர்மபுரி ஆஸ்பத்திரியில் பரிசோதிக்கும் அம்மா குனிந்து, “உங்க பேரு என்ன, தங்கம்?” என்றார்.

“சிவப்பு, பச்சை, மஞ்சள்,” என்று ஒப்பித்துவிட்டு என் வேட்டிக்குப் பின்னால் ஒளிந்தான்.

“சொல்லிக் குடுத்துக் கூட்டியாந்தீங்களா? அவனுக்குத் தானா என்ன வருதுன்னுதான் பாக்கணுங்க.”

உள்ளே வரவே மாட்டேன் என்றான். இன்று விட்டால் மறுபடி காத்திருக்க வேண்டும்.

எங்களோடு வந்திருந்த மருமகளின் தம்பி அவன் முன்னால் மண்டியிட்டான். “சாமி, நேத்து வூட்டுல வெளையாடுனோமே, அதேதான். ஊசி கெடையாது. இந்த அக்கா கட்டை தருவாங்க, நீ அடுக்கு. மாமா கதவுகிட்டயே ஒக்காந்திருக்கேன்.”

பேரன் என் வேட்டியை விட்டுவிட்டு அவன் கையைப் பிடித்துக்கொண்டு போனான்.

எனக்கு வயிறு எரிந்தது. பரிசோதனை முடிந்து பேரனோடு திரும்பி வந்த மருமகளின் தம்பி, என்னைப் பார்த்து, “மாமா, நீங்க சிலபஸ் முடிச்சிட்டீங்க, நான் பி.டி. பீரியட் எடுத்தேன்,” என்று சிரித்தான் வேறு.

எரிச்சல் இன்னும் தீரவில்லை. ஆனாலும் சொல்கிறேன்: பரிசோதனைக்கு முந்தைய நாள், அங்கே நடக்கப்போவதைப் பிள்ளையோடு விளையாடிப் பாருங்கள். மாமனிடம் விட்டுவிடாமல், நீங்களே.