வலதுபக்கம் இழுத்த வண்டி

அக்காவை வேலை செய்கிற இடத்தில் எல்லோரும் ‘டேப்பு’ என்றுதான் கூப்பிடுவார்கள். அளவு நாடா எந்நேரமும் அவள் கழுத்தில் தொங்கும். சோபாவுக்கும் கார் இருக்கைக்கும் உறை தைப்பது அவள் தொழில். புது மெத்தை வாங்கியபோது கடைக்காரர் எதிரிலேயே அளந்து பார்த்து, “மீதி அரை இன்ச் எங்கப்பா, நீயே வச்சுக்கிட்டியா?” என்று கேட்டவள்.

நாற்பத்தொன்றாம் வயதில் அவளுக்குக் காதுக்குள் ஒரு கோளாறு வந்தது. நடப்பாள், சைக்கிளில் ஏறினால் சாய்ந்துவிடுவாள். அந்தச் சமயம் பார்த்து, பெரிய சாலைக்கு அந்தப் பக்கம் இருந்த மரச்சாமான் பட்டறையில் துணி வெட்டும் பிரிவைப் பார்த்துக்கொள்ளக் கூப்பிட்டார்கள். பதினெட்டு வருடம் தையல் மெஷினுக்கு முன்னால் குனிந்திருந்தவளுக்கு வந்த முதல் உயர்வு அது. அந்த வழியில் பஸ் கிடையாது. தானே போய்வர ஒரு வண்டி இருந்தால்தான் அந்த வேலை.

பழைய இரும்புக் கடையில், பெரியவர்கள் ஓட்டும் மூன்று சக்கர சைக்கிள் ஒன்றைப் பிடித்துவிட்டாள். துரு, நசுங்கிய பெட்டி, திருப்பத்தில் கவிழப் பார்க்கிற உயரம். சோபாவுக்குச் செய்வதுபோலவே பழுப்புத் தாளில் முழு அளவில் வரைந்தாள். இருக்கை நான்கு விரல் கீழே, பின் அச்சு ஒரு சாண் கூடுதல் அகலம், கைப்பிடி மடியை நோக்கி வளைந்து.

வெல்டிங் கடைக்கு என்னையும் அழைத்துப் போனாள். வெல்டர் தாளை விரித்துப் பார்த்துச் சிரித்தார்.

“இது வண்டியாக்கா, கட்டிலா?”

“தூக்கம் வந்தா படுத்துக்கலாம்ல? நீ பத்த வைப்பா.”

நீட்டிய அச்சின் வலது முனையை நான் பிடிக்க வேண்டும். தரையில் சாக்பீஸ் கோடு போட்டிருந்தார். “கோட்டை விட்டு அசையாதீங்க சார், ரெண்டு புள்ளி பத்த வைக்கிற வரைக்கும்.”

எதிர்ப்புறத்து வங்கியிலிருந்து என் அலுவலகத்துக்காரர்கள் இருவர் வெளியே வந்தார்கள். துருப்பிடித்த மூன்று சக்கர வண்டியின் முன் குந்தியிருக்கும் என்னை அவர்கள் பார்த்துவிடக்கூடாது என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன். கை நழுவியது. அவசரமாகத் தள்ளி வைத்து, “சரியா இருக்கு, வைங்க” என்றேன்.

ஒரு வாரம் கழித்து அக்கா சொன்னாள்: “டேய், வண்டி வலதுபக்கமே இழுக்குதுடா. லாரி வர்ற பக்கம். கை கடுக்குது.”

எனக்கு அந்த நழுவல் உடனே நினைவுக்கு வந்தது. ஆனாலும் வாய் வேறு சொன்னது. “வண்டியில ஒண்ணுமில்லக்கா. உன் காதுதான். உனக்கு நேரா போறதே கோணலாத் தெரியும்.”

நான் கல்லூரி போனவன். எங்கள் வீட்டில் என் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. எதையும் அளக்காமல் நம்பாதவள் அன்று அளக்கவில்லை. “அப்படியா இருக்கும்?” என்று காதை ஒரு தட்டு தட்டிக்கொண்டாள். இன்னும் நான்கு நாள் பெரிய சாலையில் போனாள். ஐந்தாம் நாள், இனி வேலைக்கு வரமுடியாது என்று பட்டறைக்குச் சொல்லியனுப்பிவிட்டாள். அதன்பின் ஆறு வருடம், தெருவுக்குள்ளேயே அந்த வண்டியில் போய்த் திரைச்சீலையும் தலையணை உறையும் வாங்கி வந்து தைத்துக் கொடுத்தாள். போன மாதம் மாரடைப்பில் இறந்தாள்.

நேற்றுக் காலை, அவளோடு முன்பு தைத்த பெண் ஒருத்தி வந்தாள். கால் கொஞ்சம் இழுத்து நடப்பவள். வண்டியைத் தனக்குத் தர முடியுமா என்று கேட்டாள். தெருவில் ஒரு சுற்று ஓட்டிவிட்டு இறங்கினாள்.

“அண்ணே, வலதுபக்கம் இழுக்குதே. இதை அக்கா எப்படி ஓட்டினாங்க?”

“உங்களுக்குப் பழக்கமில்ல” என்ற சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அதை விழுங்கிவிட்டு, ஒரு சணல் கயிற்றை எடுத்து முன்சக்கரத்தின் நடுவிலிருந்து பின்சக்கரங்கள்வரை பிடித்துப் பார்த்தேன். வலதுபக்கம் கட்டைவிரல் அகலம் குறைந்தது.

வெல்டிங் கடைக்கு இருவருமாகத் தள்ளிக்கொண்டு போனோம். வெல்டர் குனிந்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தார்.

“அச்சு கோணல் சார். அன்னிக்கே வந்திருந்தா அரை மணி நேர வேலை. ஓட்டினவங்க ஒண்ணும் சொல்லலியா?”

“சொன்னா.”

“யார்கிட்ட?”

“என்கிட்டதான். காதுக் கோளாறுன்னு சொல்லி அனுப்பிட்டேன். பிடிச்சதும் நான்தான், நழுவவிட்டதும் நான்தான். தெரிஞ்சேதான் சொன்னேன்.”

அந்தப் பெண் என்னைப் பார்க்காமல் வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். “தலை சுத்தலாலதான் அந்த வேலை போச்சுன்னு அக்கா சொல்லுவாங்க. ‘என் தலை என்னை ஏமாத்திடுச்சுடி’ன்னு சிரிப்பாங்க” என்றாள்.

வெல்டர் அச்சின் பழைய வெல்டிங்கை அறுத்து எடுத்தார். தரையில் புதுக் கோடு போட்டார். நான் குந்தி, அச்சின் முனையைப் பிடித்தேன்.

“நீங்க விடுங்கண்ணே” என்றாள் அவள். “நான் பிடிச்சுக்கிறேன்.”

எழுந்து தள்ளி நின்றேன்.